சிரிப்புக்கும் வரம்பு உண்டு



2018 மே மாதம் வெளிவந்த 'இருட்டு அறையில் முரட்டு குத்து' திரைப்படத்துக்குத் தணிக்கைக் குழு 'ஏ' சான்றிதழ் வழங்கியது. 18 வயது நிறையாதோர் அதனைப் பார்க்கலாகாது. எனினும் அத்தடை திரையரங்க வாசலோடு நின்றுவிடுகிறது. நம் திருவண்ணாமலை மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளின் இல்லங்களில் கைப்பேசிக்கு வாயிற்காவலர் எவருமில்லை.

நகைச்சுவையை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தோழர்களுடன் வேடிக்கையாகப் பேசியதுண்டு. அப்போதும் உண்மையையே பேசினார்கள் என்கிறது ஹதீஸ். 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' கதாநாயகர்களின் மிகையான வீரத்தைக் கேலி செய்தே மக்களைச் சிரிக்க வைத்தது. இரட்டை அர்த்த வசனமோ வேறு வகை. அங்கே சிரிப்புக்கு விலையாவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் மானம்.

பார்வையைத் தாழ்த்துமாறு கூறும் இறைக்கட்டளை, அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்கே வருகிறது. பெண்களுக்கு அடுத்த வசனத்தில் வருகிறது. நம்மில் தந்தையர் பலர் மகளின் கைப்பேசியைச் சோதிக்கின்றனர். நண்பர் குழுவில் வரும் ஆபாசத் துணுக்குக்குத் தாமே வாய்விட்டுச் சிரிக்கின்றனர். பொருள் புரியாத மகனும் உடன் சிரிக்கிறான். எதற்குச் சிரிக்கலாம் என்பதை அவன் தந்தையின் முகம் பார்த்தே கற்கிறான்.

ஆகவே, சோதனையை நம் கைப்பேசியிலிருந்தே தொடங்குவோம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.