விதியை மீறாதவர் அறம் தவறாதவரா?

சங்கத்தின் நெறிமுறையையும் நாட்டின் சட்டத்தையும் மீறாத வரை உளவியலாளர் எடுக்கும் எந்த முடிவும் அறத்துக்கு உட்பட்டதே என்ற எண்ணம் அத்தொழிலில் பரவலாக இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் வரலாறு இதைப் பொய்யாக்குகிறது.

நெறிமுறை முழுமையானது என்பது இந்த எண்ணத்தின் முதல் அடிப்படை. ஒரு செயலைப் பற்றி விதி எதுவும் பேசவில்லை என்பதாலேயே அது சரியென்றோ தவறென்றோ ஆகிவிடாது என அச்சங்கத்தின் நெறிமுறை முகவுரையே சொல்கிறது. தீங்கு செய்யாமை போன்ற பொதுக் கோட்பாடுகள் வழிகாட்டுபவை மட்டுமே. தண்டனை விதிகளை மீறுவோருக்குத்தான். தண்டனைக்குத் தப்பியதை அறம் என்று எண்ணுவது இங்கிருந்தே தொடங்குகிறது.

சட்டமே போதும் என்பது இன்னும் ஆபத்தான வாதம். நெறிமுறைக்கும் சட்டத்துக்கும் தீராத முரண் வந்தால் சட்டத்தைப் பின்பற்றலாம் என்று 2002 ஆகஸ்டில் ஏற்கப்பட்ட 1.02ஆம் விதி அனுமதித்தது. விசாரணைக் கைதிகளை மனத்தில் வைத்து அது எழுதப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அதே மாதத்தில், கைதியை நீரால் மூச்சுத்திணறடிக்கும் முறை சட்டப்படி செல்லும் என்று அமெரிக்க நீதித் துறை சிஐஏவுக்கு எழுதிக் கொடுத்தது. அந்த விசாரணை முறைகளை வகுத்தவர்கள் ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெசன் என்ற இரு உளவியலாளர்கள். மனித உரிமை மீறலுக்கு இவ்விதியைச் சாக்காகக் காட்டக் கூடாது என்ற வரி 2010இல்தான் சேர்ந்தது.

வல்லுநர் குழு ஒப்பினால் ஐயமில்லை என்பாரும் உண்டு. குழுவில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதல்லவா கேள்வி? விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்பது நெறிமுறைக்கு உகந்தது என்று 2005இல் சொன்ன சங்கக் குழுவில் பெரும்பாலோர் ராணுவத்துடனோ உளவுத்துறையுடனோ தொடர்புடையவர்கள். விதிகள் இறுகாமல் இருக்கச் சங்க நிர்வாகிகள் சிலர் பாதுகாப்புத் துறையினருடன் கூடிச் செயல்பட்டனர் என்று சங்கமே கோரிப் பெற்று 2015இல் வந்த ஹாஃப்மன் விசாரணை அறிக்கை முடிவு சொன்னது; பெயர் குறிப்பிடப்பட்ட சிலர் அதை மறுத்து வழக்கும் தொடுத்தனர். அதே நாட்டில், அதே சட்டத்தின் கீழ், அமெரிக்க மருத்துவச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் நேரடிப் பங்கேற்பு கூடாதென 2006இலேயே அறிவித்துவிட்டன.

விதியைத் தாண்டிச் சிந்திக்க விட்டால் ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதல்ல. ஆயினும், இருந்த விதி போதாது என்று கருதிய உறுப்பினர்கள் போராடியதால்தான் விதியே மாறியது. தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்பதைத் தடைசெய்யும் தீர்மானம் 2015 ஆகஸ்டில் டொரண்டோவில் கூடிய சங்கப் பேரவையில் நிறைவேறியபோது, எதிராக விழுந்தது ஒரேயொரு வாக்கு.