பழைய சான்ட்ரோவின் மேல் ஏன் பழி?

15 வயது தாண்டிய சின்னக் கார் பணத்தைத் தின்னுமாம். தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதே புத்திசாலித்தனமாம். அம்பத்தூர்க்காரர்களிடம் இதைச் சொல்லலாமா? ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் பிரேக்ஸ் இந்தியாவும் பக்கத்துப் பாடியில்தான். சான்ட்ரோ பிறந்த இருங்காட்டுக்கோட்டை, பூந்தமல்லி தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில். கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளுக்கு ஆவடிவரை பஞ்சமே இல்லை.

கிளட்ச் பிளேட், சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட் மாற்றினால் மட்டும் அது செலவு. புதுக் காரின் கடன் வட்டியும், முதல் வருடமே சரியும் மதிப்பும், கூடுதல் இன்சூரன்ஸும் எந்தக் கணக்கில் வரும்? 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது உண்மை. பசுமை வரியும் உண்டு. ஆனால் அந்தப் புதுப்பிப்பு 5 ஆண்டுக்குச் செல்லும்.

பல எஞ்சின்களைக் கொல்வது வயதல்ல, அலட்சியம். ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உப்பு படிந்து, சூடேறி, ஹெட் கேஸ்கெட் போகிறது. டைமிங் பெல்ட்டை அறுந்த பிறகுதான் நினைக்கிறார்கள். பிறகு வண்டி பழசு என்கிறார்கள்!

ஏர்பேக் இல்லை என்ற வாதத்தை மட்டும் ஏற்கிறேன். தினமும் பைபாஸில் வேகமாகப் போகிறவர் புதிது வாங்கட்டும். அடித்தளம் துருவேறிய வண்டியையும், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கி வயரிங் கெட்டதையும் காப்பாற்றச் சொல்லவில்லை. மார்க்கெட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் ஓடும் நல்ல வண்டியை உடைக்கக் கொடுக்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.