பரீட்சை நாளில் அர்ச்சனை வேண்டாமே!

என் மகன் நாலாம் வகுப்பு படிக்கிறான். முதல் நாள் ராத்திரி பதினாறாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தவன், பரீட்சையன்று காலை நான் கையில் கரண்டியோடு நின்று, "எங்கே, சொல்லுடா பார்க்கலாம்!" என்று அதட்டியதும் திருதிருவென விழித்தான். கோபத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே பள்ளிக்குப் போனான். சாயங்காலம் பாட்டி மடியில் படுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே முழுசாகச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

பாடம் அவனுக்கு மறக்கவில்லை, பயம்தான் மறித்திருக்கிறது. பயத்திலும் பதற்றத்திலும் அட்ரீனல் சுரப்பி 'கார்ட்டிசால்' என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அந்த நேரத்தில், ஞாபகத்துக்கு முக்கியமான 'ஹிப்போகாம்பஸ்' என்ற மூளைப் பகுதி, படித்ததை எடுத்துக் கொடுக்கத் தடுமாறுகிறது என்று ஒரு மருத்துவக் கட்டுரையில் படித்தேன். படித்தது மனசில் பதிய நல்ல தூக்கமும் வேண்டுமாம். நானோ அவனை விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பி விட்டிருந்தேன்!

"பயம் இருந்தால்தான் படிப்பான்" என்பார் என் கணவர். படிக்க உட்கார வைக்கக் கொஞ்சம் கண்டிப்பு தேவைதான். ஆனால், பரீட்சைக்குக் கிளம்பும் நேரத்தில் எதற்கு? இப்போதெல்லாம் அன்று காலை நான் பாடத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. இரண்டு இட்லி, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். என்ன தோழியரே, நீங்களும் செய்து பாருங்களேன்!

- ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.