எத்தனை நாள், எவ்வளவு வெள்ளி என்று எழுதுங்கள்

டத்தோ கிராமாட்டில், பாடாங் பிரவுன் திடலுக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை ஒன்றில் சென்ற வாரம் ஓர் அண்ணன் ஒரு கடிதத்தை நம் மேசையில் வைத்தார். "இதுல என்னாதான் சொல்றாங்கன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க தம்பி." ஒரு தொழிற்சாலையின் சரக்கறையில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடிதம் ஒன்றரைப் பக்க ஆங்கிலம். மேசையில் இருந்த மூன்று பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். 'கோயிங் ஃபார்வர்ட்' என்று தொடங்கி, 'ரைட்சைசிங்' வழியாக, 'டிரான்சிஷன்' வரை போனது. அவருடைய பங்களிப்பைப் பெரிதும் மதிப்பதாக இரண்டு இடங்களில் இருந்தது. சட்டப்படியான சலுகைகள் 'உரிய முறையில் கவனிக்கப்படும்' என்று ஒரு வரி. கடைசியில், 'கைண்ட்லி ரிவர்ட்'. அவருடைய வேலை எந்தத் தேதியில் முடிகிறது என்பது இரண்டாம் பக்கத்தில், ஒரு நீண்ட வாக்கியத்தின் வயிற்றுக்குள் கிடந்தது.

"செக்‌ஷன் மாத்துறாங்கன்னுல நெனச்சேன்" என்றார் அவர். ஒன்பது நாட்களாக அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எந்த செக்‌ஷனுக்கு அனுப்புவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அலுவலகக் கடிதங்களின் இந்த ஜோடனைச் சொற்களைப் பலரும் வெறும் எரிச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். இது எரிச்சலோடு முடிகிற விஷயம் இல்லை. புரியாத கடிதத்தின் விலையை, அதை எழுதியவர் கொடுப்பதில்லை. படிக்கிறவர் கொடுக்கிறார், நாட்களாகவும் வெள்ளியாகவும். அதனால் நாம் இந்த வழக்கத்தை எதிர்க்கிறோம்.

அந்த அண்ணனுக்குச் சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்குக் குறைந்தது எட்டு வார முன்னறிவிப்புத் தர வேண்டும். ஆட்குறைப்பில் வேலை இழப்பவருக்கு எவ்வளவு இழப்பீடு என்பதை 1980ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன: இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான சேவை என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் 15 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது உண்டு. 17 ஆண்டுக்கு 20 நாள் வீதம் கணக்குப் போட்டால் 340 நாள் சம்பளம். இது போக, வேலை போன 60 நாட்களுக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் மனுச் செய்தால், வேலை தேடும் மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும்.

இவ்வளவும் நான்கே வரியில் அடங்கும். உங்கள் வேலை இந்தத் தேதியோடு முடிகிறது. உங்களுக்கு 340 நாள் சம்பளம் தருகிறோம். அது இந்த நாளில் வங்கியில் சேரும். 60 நாட்களுக்குள் சொக்சோவுக்குப் போங்கள். நான்கும் கசப்பான வரிகள்தாம். ஆனால் அவற்றைப் படித்தவர் அன்று மாலையே வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பார்.

கடுமையான செய்தியை மென்மையாகச் சொல்வது நாகரிகம் அல்லவா என்று மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் கேட்பார்கள். மென்மை வேண்டியதுதான். பெயர் சொல்லி அழைத்து, நேரில் உட்காரவைத்துப் பேசுவது மென்மை. வேலை போய்விட்டது என்பதே தெரியாதபடி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. வழக்கறிஞர்கள் இப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள் என்றும் சொல்லப்படும். ஆனால் சட்டமே 10, 15, 20 என்று விரல்விட்டு எண்ணும்படிதான் பேசுகிறது. கடிதத்துக்கு மட்டும் ஏன் மூடுதிரை?

தொழிலுக்கென்று தனிச்சொற்கள் இருப்பதை நாம் குறை சொல்லவில்லை. தைப்பூசத்துக்கு முன்தினம் டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலைக்குப் போகிற நகரத்தார் வெள்ளி ரதத்தைப் பினாங்கில் அறியாதவர் இல்லை. 1894 முதல் வலம் வருகிற ரதம் அது. அந்த ரதத்தை இங்கே கொண்டுவந்த செட்டியார்களின் வட்டித்தொழில் கிட்டங்கிகளில் ஒரு தனிமொழியே புழங்கியது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், பேரேடு, பற்று, வரவு, நடப்பு வட்டி, ஐந்தொகை. வெளியாளுக்கு இவற்றில் பாதி விளங்காது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஓர் ஆளோ, ஒரு தொகையோ, ஒரு தேதியோ நின்றது. ஐந்தொகை என்று எழுதிவிட்டுக் கணக்கு நேராகாமல் யாரும் தூங்கப் போக முடியாது. 'ரைட்சைசிங்' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அந்தக் கடிதத்தில் தேடினோம். எண் ஏதும் இல்லை.

ஆங்கிலத்தை மட்டும் கூண்டில் ஏற்றினால் நியாயமாகாது. நம் கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் தமிழில் எழுதுகிற கடிதங்களை எடுத்துப் பாருங்கள். மேற்கண்ட விஷயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்கு என்று தொடங்கி, ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று முடிகின்றன. எதை, யார், எப்போது செய்ய வேண்டும்? 'ஆவன' என்ற ஒரு சொல் அத்தனையையும் விழுங்கிவிடுகிறது. அண்மைக் காலமாக ஆங்கிலத்து 'ஸ்டேக்ஹோல்டர்' தமிழில் 'பங்குதாரர்' ஆகி அறிக்கைகளில் உலவுகிறார். நம் ஊரில் பங்குதாரர் என்றால் கடையில் முதல் போட்டவர். பெற்றோர்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் பெற்றோர்கள் என்றே எழுதலாமே. நலம், நலமறிய ஆவல் என்று நம் தாத்தாக்கள் எழுதியதும் வாய்பாடுதான். ஆனால் அந்த ஒரு வரி, எழுதியவர் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறார் என்பதைக் கடல் கடந்து சொன்னது.

இந்தப் பக்கத்திலும் 'நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன' என்ற வரி பல முறை அச்சேறியிருக்கிறது. யார் மேற்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதாதது நம் தவறு. இனி அந்த வரியை ஏற்க மாட்டோம்.

மற்ற நாடுகள் இதை அரசாங்க வேலையாகவே எடுத்துச் செய்திருக்கின்றன. பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டதால் சர் எர்னஸ்ட் கவர்ஸ் 1948-ல் அதிகாரிகளுக்காக 'பிளெய்ன் வேர்ட்ஸ்' நூலை எழுதினார். பக்கத்துச் சிங்கப்பூரில் 1979-ல் பிரதமர் லீ குவான் இயூ, அமைச்சர்களையும் மூத்த அதிகாரிகளையும் உட்காரவைத்து, எளிமையாகத் தெளிவாக எழுதுவதைப் பற்றியே தனியாகப் பேசினார். அமெரிக்காவில் 2010-ல் இதற்குச் சட்டமே வந்தது. 2023-ல் அனைத்துலகத் தர நிறுவனமான ஐஎஸ்ஓ எளிய மொழிக்கு ஒரு தரநிர்ணயம் வெளியிட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஐஎஸ்ஓ சான்றிதழைச் சுவரில் மாட்டாத ஆலை அரிது. அந்த அக்கறையைக் கடிதத்திலும் காட்டட்டும்.

மனிதவள அமைச்சை நாம் கேட்பது இதுதான். வேலைநீக்கக் கடிதம் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: வேலை முடியும் தேதி, இழப்பீடு எத்தனை நாள் சம்பளம், அது வெள்ளிக் கணக்கில் எவ்வளவு, சொக்சோவில் மனுச் செய்யக் கடைசி நாள். தேசிய மொழியில் ஒன்றும், தொழிலாளி வாசிக்கிற மொழியில் ஒன்றுமாக இருக்கட்டும். இது இல்லாத கடிதத்தை முன்னறிவிப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. எட்டு வாரம், அவருக்குப் புரிகிற கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடட்டும்.

அந்த அண்ணன் திங்கட்கிழமை தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறார். கடித உறையின் மேல் 340 என்றும், அதற்குக் கீழே 60 என்றும் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.