பயிற்சியாளரோடு வந்து இறங்கிய அணி

"நான் ஜெயிக்கிறவன். கூகுளில் தேடிப் பாருங்கள்." 2023 டிசம்பரில் கர்ட் சிக்னெட்டி நிருபர்களிடம் சொன்னது இது. இண்டியானா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளராக வந்து அவருக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வாய்க்கொழுப்பு என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவில், அதுவரை அதிகத் தோல்விகளைக் குவித்திருந்த அணி அது. அப்போதுதான் முடிந்திருந்த சீசனில் 12 ஆட்டங்களில் 9 தோல்வி. 1945-லும் 1967-லும் எட்டிய 9 வெற்றிகளே அதன் உச்சம். ஊரான புளூமிங்டன் பெருமைப்படுவதெல்லாம் கூடைப்பந்தைப் பற்றித்தான்.

2024-ல் அந்த அணி முதல் 10 ஆட்டங்களையும் வென்றது. நெப்ராஸ்காவை 56-7, முந்தைய ஆண்டின் சாம்பியன் மிச்சிகனை 20-15, வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்தில் பரம்பரை எதிரியான பர்டூவை 66-0. சுலபமான அட்டவணை என்று சிலர் முகம் சுளித்தார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஓஹையோ ஸ்டேட்டிடம் 15-38 என நொறுங்கியது. தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் நோட்டர் டேமிடம் 17-27 எனத் தோற்றபோதும், கடைசி நிமிடங்களில் எடுத்த இரண்டு டச்டவுன்கள்தான் மானத்தைக் காத்தன. ஆனால் அந்த இரண்டு அணிகளும்தான் பிறகு தேசிய இறுதிப் போட்டியில் மோதின. 11 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கில் குறை சொல்ல அதிகம் இல்லை.

இதைப் பயிற்சியாளரின் மந்திரம் என்று எழுதுகிறவர்கள், விதிகள் மாறியதை மறந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். 2021-ல் ஒருமுறை மாறுவதற்கு அந்தத் தடை போனது. 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு ஆட்டக்காரர்கள் சம்பாதிக்கலாம். பள்ளி முடித்து வரும் பையனை எடுத்து மூன்று நான்கு வருடம் பக்குவப்படுத்திய காலம் போய், ஒரே குளிர்காலத்தில் முழு அணியையே திரட்டிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது.

அந்தச் சந்தை எல்லோருக்கும்தான் திறந்திருந்தது. 2023-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் பழைய அணியை ஏறக்குறைய மொத்தமாகக் கலைத்துப் புதிதாக ஒன்று சேர்த்தார்: 4 வெற்றி, 8 தோல்வி. 2025-ல் நார்த் கரோலினாவுக்கு வந்த பில் பெலிசிக், தலைமைப் பயிற்சியாளராகத் தொழில்முறை ஃபுட்பாலின் உச்சப் பட்டமான சூப்பர் பவுலை ஆறு முறை வென்றவர். அவருக்கும் அதே 4-8.

சிக்னெட்டி வேறு மாதிரி வாங்கினார். தான் ஐந்தாண்டு பயிற்றுவித்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 பேரையும், அங்கே தன்னோடு உழைத்த முக்கிய உதவிப் பயிற்சியாளர்களையும் கூட்டிவந்தார். குவாட்டர்பேக் கர்டிஸ் ரூர்க் வந்தது ஓஹையோ என்ற இன்னொரு சிறிய அணியிலிருந்து. பள்ளிக் காலத்தில் ஆட்டக்காரர் வாங்கிய நட்சத்திர மதிப்பீடுகளைச் சிக்னெட்டி எண்ணவில்லை. கல்லூரி மைதானத்தில் ஏற்கெனவே சாதித்துக் காட்டினாரா என்று பார்த்தார். இந்தக் கண் ஒரே நாளில் வந்ததல்ல. அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனின் உதவியாளராக இருந்த வசதியான வேலையை விட்டு, 2011-ல் பென்சில்வேனியாவில் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றுக்குக் குறைந்த சம்பளத்தில் போனவர் அவர். பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். புளூமிங்டன் ஒரு சீசனில் அறுவடை செய்தது அந்தப் பதின்மூன்று வருட உழைப்பைத்தான்.

மற்ற பல்கலைக்கழகங்களின் கண்ணில் பட்டதோ அந்த ஒரு சீசன் மட்டும். இண்டியானாவே பழைய பயிற்சியாளரை அனுப்ப 1.55 கோடி டாலர் கொடுத்தது. 2024 நவம்பரில் சிக்னெட்டியோடு எட்டு ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அவர்களுக்கு அது வீண்போகவில்லை. அடுத்த சீசனில் 16 ஆட்டங்களையும் வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். ஆனால் 2025 அக்டோபரில் பென் ஸ்டேட், அதே ஆண்டு ஜனவரியில் தன்னை அரையிறுதிவரை கொண்டுபோன ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை, தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றதும் வெளியேற்றியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 4.9 கோடி டாலர். இண்டியானாவால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்று கேட்கும் நன்கொடையாளர்களுக்கு முன்னால், இனி எந்தப் பயிற்சியாளரும் 'இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள்' என்று சொல்லிவிட முடியாது.

ஆட்களைக் கொடுத்த இடத்தையும் பார்க்க வேண்டும். பயிற்சியாளரையும் 13 ஆட்டக்காரர்களையும் சேர்த்து இழந்த ஜேம்ஸ் மேடிசன், பாப் செஸ்னியை அழைத்துவந்து மறுபடி எழுந்தது: 2024-ல் 9 வெற்றி, 2025-ல் முதல்முறையாகப் பிளேஆஃப். அங்கே ஆரிகனிடம் தோற்பதற்கு முன்பே செஸ்னியை யு.சி.எல்.ஏ. வளைத்துவிட்டது. அவர் இடத்துக்கு வந்திருப்பவர் பில்லி நேப்பியர்; புளோரிடா பல்கலைக்கழகம் சீசனின் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பியவர்.