பூனைக்காலி: தொட்டால் அரிப்பு... விதையில் மருந்து!

வேலியில் படர்ந்து, கருஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் பூனைக்காலி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் காய் முழுக்கப் பழுப்பு நிறச் சுணை, வெல்வெட் போல மூடியிருக்கும். பார்க்க அழகு, தொட்டால் தாங்க முடியாத அரிப்பு! சுணையில் உள்ள மியூகுனைன் என்ற புரதம்தான் காரணம்.

பட்டுவிட்டால் சொறியாதீர்கள், தேய்க்காதீர்கள், சுணை பரவும். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

விதையின் கதையே வேறு. 1937-ல் சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி இருவரும் இதிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். 1960-களில் அது பார்கின்சன் நோய்க்கு மருந்தானது. இன்றும் அந்த நோய்க்கு முக்கிய மருந்து அதுதான்.

எச்சரிக்கையும் அதனால்தான். நாட்டு மருந்துக் கடைகளில் பூனைக்காலி விதைப் பொடி கிடைக்கிறது. ‘மூலிகைதானே’ என்று பார்கின்சன் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால், எல்-டோபா அளவு கூடிவிடும். குமட்டல், தலைசுற்றல், தன்னையறியாமல் கை, கால் அசைவது, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். மாத்திரையைச் சட்டென நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவதோ அதைவிட ஆபத்து.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இந்தப் பொடியைச் சாப்பிடுகிறார்களா? அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அந்தப் பாக்கெட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்!