பழைய லென்ஸ் வாங்குவோம்!

புதியது என்றால் பெருமை, பழையது என்றால் சிறுமை என்னும் மனப்பான்மை நம் மாணவர் உலகில் வேரூன்றி வருகிறது. கைப்பேசி புதிதாக இருக்க வேண்டும். காலணி புதிதாக இருக்க வேண்டும். காமிராவோ, கடைக்காரர் நம் கண்முன் பெட்டியைப் பிரித்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும்! பிறர் கைப்பட்ட பொருள் என்றால் முகம் சுளிக்கிறோம். நூலகத்தில் நாம் படிக்கும் புத்தகம் எத்தனை பேர் கைப்பட்டது? ஆய்வுக்கூடத்தில் நாம் குனிந்து பார்க்கும் நுண்பெருக்கி எத்தனை பேர் கண்பட்டது? அறிவு பெறப் பழைய பொருள் ஆகுமாம். அழகைக் காணப் பழைய பொருள் ஆகாதாம்! விந்தையான நியாயம்.

காமிரா வைத்திருக்கும் நண்பர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காமிராவோடு வந்த சிறிய லென்ஸில் பறவையும் விலங்கும் புள்ளியாகத் தெரிகின்றன. தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் வேண்டும். பழையது வாங்கலாமா?" வாங்கலாம் என்பதே என் கருத்து. வாங்க வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அன்று, கண்ணைத் திறந்துகொண்டு.

நான் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் எந்தப் பொருளின் விலையையும் ரூபாயில் மட்டும் கணக்கிடுவதில்லை; கொழுந்து பறிக்கும் நாள்களிலும் கணக்கிடுவோம். 2015இல் மூணாற்றுப் பெண் தொழிலாளர் வீதிக்கு வந்து போராடிய பிறகு, கேரளத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அதற்குப் பிறகும் கூலி உயர்ந்திருக்கிறது. ஆயினும் கணக்குப் போட அந்த 301 போதும். புதிய லென்ஸுக்கும் பழைய லென்ஸுக்கும் விலை வேறுபாடு பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 33 நாள் உழைப்பு! மழையில் நனைந்து, அட்டைக்கடியில் நின்று, ஒரு தாய் பறித்த 33 நாள் கொழுந்து. பெட்டி பிரிக்கும் பெருமைக்காக அதைக் கொடுக்கலாமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர்.

"பழைய கண்ணாடி மங்கிப் போயிராதா?" என்பர் சிலர். பௌதிகம் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்னும் லென்ஸ் அமைப்பாளர், நாள்பட்டு மேற்பரப்பு நிறம் மாறிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கண்டார். காலம் பூசிய மெல்லிய படலம், கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் போகும் ஒளியைக் குறைத்ததே காரணம். அந்தக் குறிப்பைப் பற்றிக்கொண்டு நடந்த ஆராய்ச்சியின் பாதையில்தான், 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா என்பவர் லென்ஸுக்குப் படலம் பூசும் முறையைக் கண்டார். இன்று நம் லென்ஸில் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அதன் கதை இதுதான். ஆக, முதுமை கண்ணாடிக்குப் பகையன்று. ஈரமே பகை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், கிராப் சென்சர் காமிரா என்பது யாது? பழைய பிலிம் கட்டத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். நம் போன்றோர் வாங்கும் காமிராவில் ஒளியைப் பதியும் சென்சர் அதைவிடச் சிறியது. கானன் காமிராவில் ஏறத்தாழ 22க்கு 15 மில்லிமீட்டர். ஆகவே அது காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. 250 மில்லிமீட்டர் லென்ஸ், பெரிய சென்சரில் 400 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் கோணத்தையே இதில் காட்டும். லென்ஸ் நீளவில்லை, சட்டம் குறுகியது. ஏழைக்கு வாய்த்த குறையே ஏழைக்கு உதவும் விந்தை இது!

கணக்கிட்டுப் பாருங்கள். தேக்கடி ஏரிக்கரையில், நூறு மீட்டர் தொலைவில், இரண்டரை மீட்டர் உயர யானை ஒன்று நிற்கிறது. 55 மில்லிமீட்டர் லென்ஸ் சென்சர்மேல் வரையும் யானையின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. 250 மில்லிமீட்டர் லென்ஸ் வரையும் யானையோ ஆறேகால் மில்லிமீட்டர். படத்தின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. "கைப்பேசியே போதுமே" என்போர் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் இருக்கும் புள்ளிகளை ஊதிக் காட்டுவதுதான்.

இன்று பழைய லென்ஸ் வாங்க ஏற்ற காலம் என்பதற்கும் காரணம் உண்டு. 2018இல் கானனும் நிக்கானும் கண்ணாடி மடிப்பு இல்லாத புதிய வகைக் காமிராக்களைப் பெரிய அளவில் தொடங்கின. வசதியுள்ளோர் அவற்றுக்குத் தாவினர். நல்ல நிலையில் உள்ள பழைய வகை லென்ஸ்கள் சந்தைக்கு வந்தன. கானனின் 55-250, 70-300, நிக்கானின் 70-300 ஆகியவை மாணவன் கைக்கு எட்டும் பொருள்கள் ஆயின. ஒருவர் நாகரிகம் கருதிக் கழித்தது, இன்னொருவருக்குக் கண்ணாக வருகிறது.

ஆனால் நண்பர்களே, தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கும் மாட்டைப் பார்க்காமல் யார் ஓட்டி வருவார்? லென்ஸுக்கும் பல் உண்டு, பிடித்துப் பாருங்கள்.

முதலாவது, பொருத்தம். கானனில் ஈ.எப்.எஸ். வகை லென்ஸ் கிராப் சென்சர் காமிராவுக்கே உரியது, ஈ.எப். வகை இரண்டுக்கும் பொருந்தும். நிக்கானில் டி3000, டி5000 வரிசைக் காமிராக்களுக்குள் மோட்டார் இல்லை. பழைய ஏ.எப். லென்ஸை அவற்றில் மாட்டினால் கையால்தான் திருப்பிக் குவியம் பார்க்க வேண்டும். ஏ.எப்.எஸ். என்று எழுதியிருந்தால் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு. புதிய ஏ.எப்.பி. வகையோ டி90, டி3100 போன்ற பழைய காமிராக்களுக்கு ஒத்துவராது. விலை மலிவு என்று கேட்டவுடன் ஓடாமல், உங்கள் காமிராவையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்!

இரண்டாவது, இயக்கம். அருகிலும் தொலைவிலும் மாற்றி மாற்றிக் குவியம் பாருங்கள். மோட்டார் தயங்குகிறதா, அரைக்கும் ஓசை எழுகிறதா என்று கேளுங்கள். கைநடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு இருந்தால், ஜூமை முழுதும் நீட்டி, நொடியில் முப்பதில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்துப் பாருங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த அமைப்பு நம் கை நடுங்குவதைத்தான் தாங்கும், ஓடும் அணிலை நிறுத்தி வைக்காது. கானன் 75-300 லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். அதன் வழக்கமான வகைகளில் அந்த அமைப்பு இல்லை. மலிவுக்குக் காரணம் அறிந்து வாங்குங்கள்.

மூன்றாவது, செம்மை. ஒரு செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, காமிராவை நேராக நிறுத்திப் படம் எடுங்கள். நான்கு மூலை எழுத்தும் ஏறக்குறைய ஒரே தெளிவில் இருக்க வேண்டும். மூன்று மூலை தெளிவாகவும் ஒரு மூலை மங்கலாகவும் இருந்தால், உள்ளே ஏதோ ஒரு வில்லை இடம் பெயர்ந்துவிட்டது. எப்போதோ கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். முன்விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் கதை புரியும்.

நான்காவது, எங்கள் பீர்மேட்டுக்காரர் எவரும் மறக்கக் கூடாதது: பூசணம். லென்ஸின் இரு மூடியையும் கழற்றி, துளையை முழுதும் திறந்து, ஒரு பக்கம் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். தூசி சிறிது தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது படத்தில் வராது. சிலந்தி வலைபோல இழை இழையாகக் கிளைத்திருந்தால் அதுதான் பூசணம். காற்றில் எங்கும் இருக்கும் வித்துகள், ஈரமும் விரல்ரேகையின் எண்ணெய்ப் பசையும் கிடைத்தால் கண்ணாடியின்மேல் முளைக்கின்றன. அவை விடும் அமிலம் படலத்தையும், நாள்போக்கில் கண்ணாடியையும் அரிக்கிறது. தொடக்கத்தில் துடைத்து எடுக்கலாம். அரித்த பின் எடுக்க இயலாது. ஆகவே லென்ஸ் எங்கே வாழ்ந்தது என்று கேளுங்கள். மலைக்கு அப்பால், மழை மறைவில் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்ந்த லென்ஸும், ஆனி ஆடியில் சுவரெல்லாம் வியர்க்கும் ஏலப்பாறையில் வாழ்ந்த லென்ஸும் ஒன்றல்ல. வாங்கிய பிறகு, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஈரம் குடித்த ஜெல்லைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்துங்கள்.

இதை எழுதும்போதே என் நெஞ்சில் ஒரு கேள்வி எழுகிறது. லென்ஸைப் பூசணத்திலிருந்து காக்கப் பெட்டி தேடுகிறோம், மருந்து தேடுகிறோம். அதே ஈரச் சுவர்களுக்குள், அதே பூசண நாற்றத்தில், தலைமுறை தலைமுறையாக மூச்சு விடும் மனிதர்களுக்கு யார் பெட்டி தேடினார்? கண்ணாடியையே அரிக்கும் ஈரம் நுரையீரலை விட்டுவைக்குமா?

இங்கேதான் "ஏழை மாணவனுக்குக் காமிரா எதற்கு? அது பணக்காரர் விளையாட்டு" என்போருக்கு விடை இருக்கிறது. பீர்மேட்டுக்கு வரும் காமிராக்கள் எத்தனை! பருந்தும்பாறையின் மூடுபனியை எடுக்கின்றன; தேக்கடி யானையை எடுக்கின்றன; பச்சைக் கம்பளமாகத் தேயிலையை எடுக்கின்றன. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்து, தோட்டங்கள் மூடி, எங்கள் மக்கள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் மூட்டை கட்டினரே, அதை எத்தனை காமிராக்கள் எடுத்தன? 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது உயிர்கள் போயின. நாடறிய லயங்களைப் பார்க்கக் காமிராக்கள் வந்தது அதற்குப் பிறகுதான்! பீர்மேட்டுத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ், அந்த நெருக்கடியில் நம்மவர் பட்ட பாட்டை 2022இல் ஆங்கில நூலாக எழுதி வெளியிட்டார். எழுத்தில் ஒருவர் செய்ததைப் படத்தில் செய்ய ஒருவர் வேண்டாமா?

பொருள் குறைவு இதற்குத் தடையாகாது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912-1996), தமிழ் நாவல் முன்னோடி மாதவையாவின் மகன், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ் பெற்றவர். அவருடைய காமிரா எந்தக் கடையிலும் வாங்கியதன்று. உடல் ஒரு நிறுவனத்தது, லென்ஸ் இன்னொன்றினது, மற்ற உறுப்புகள் வேறு எங்கெங்கோ கிடைத்தவை. அவரே ஒன்றுசேர்த்து, 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். ஒட்டுப் போட்ட அந்தக் கருவியை ஏளனம் செய்தோர் இருந்திருக்கலாம். அதன் படங்களை ஏளனம் செய்ய எவராலும் முடியவில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. தொலைவிலிருந்து எடுக்கும் லென்ஸ், தொலைவிலேயே நிற்கும் பழக்கத்தையும் கற்றுக்கொடுத்துவிடும். சாலையோரம் கார் நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களை அவர்கள் அறியாமலே இழுத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். யானையை எடுப்பதும் அப்படியே, எங்கள் அம்மாவை எடுப்பதும் அப்படியே! விலங்கை அதன் அமைதி கெடாமல் தொலைவிலிருந்து எடுப்பது அறம். மனிதரைச் சொல்லாமல் தொலைவிலிருந்து எடுப்பது திருட்டு. இருவாட்சிக்கும் கருமந்திக்கும் 250 மில்லிமீட்டர் வேண்டும். மனிதரிடம் போக இரண்டு காலும் ஒரு சொல்லும் போதும்: "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" மறுத்தால் காமிராவைத் தாழ்த்துங்கள்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விழாவுக்கும் வளைவுக்கும் செலவிடுகிறோம். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, நன்கு ஆராய்ந்து வாங்கிய பழைய டெலிபோட்டோ லென்ஸ் ஒன்றையும், ஈரம் புகாத பெட்டி ஒன்றையும் சங்கத்தின் பொதுச் சொத்தாக வைப்போம். காமிரா வைத்திருக்கும் உறுப்பினர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது முறை வைத்து எடுத்துச் செல்லட்டும். அவரவர் ஊரின் பறவையையும் மலையையும், அனுமதி பெற்று அவரவர் மக்களின் வாழ்வையும் படமெடுத்து வரட்டும். இவ்விதழின் பக்கங்களில் அவை இடம் பெறட்டும்.

பழையது வாங்குவது இழிவன்று. ஆராயாமல் வாங்குவதே இழிவு. எவர் கையிலிருந்து வந்தது என்பதை லென்ஸ் சொல்லாது. நம் கையில் அது எதைப் பார்த்தது என்பதை மட்டும் படங்கள் சொல்லும்.